பாஸ் மார்க் இருபத்தைந்து

உட்காருங்கள் அம்மா, உட்காருங்கள். இந்தப் பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே பிரசவ லேகியம் இருக்கிறது, கீழே வைத்தால் சாய்ந்துவிடும். நாமக்கல்தானே? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? பாருங்கள், நானும் அங்கேதான். உங்கள் நாத்தனாருக்குக் குடல்வால் ஆபரேஷனா? அது ஒன்றும் பயமில்லை. எடுத்துப் போட்டால் முடிந்தது.

முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஒரு விஷயம் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், யார் பக்கம் நியாயம் என்று. முப்பத்திரண்டு மார்க் வாங்கின பிள்ளை, "இல்லை, பதினெட்டுதான் என் மார்க்" என்று எழுதிவைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போவாளா? என் மகள் போனாள்.

நான் ராசிபுரத்தில் டியூஷன் எடுக்கிறேன். கமலவேணி டீச்சர் என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். முப்பத்தொரு வருடம். என்னிடம் படித்த பிள்ளை ஒன்றுகூட ஃபெயில் ஆனதில்லை. ஒன்றே ஒன்று. அவனுக்குப் பரீட்சை அன்று அம்மை போட்டுவிட்டது, அதைச் சேர்க்கக்கூடாது.

என் மகள் கோகிலவாணி. வாணி என்று கூப்பிடுவோம். எம்.எஸ்ஸி. கணிதம். மாப்பிள்ளை பூபதி லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. அதிகம் பேசாத பிள்ளை. இரண்டு பேரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். வாணி முழுகாமல் இருந்தாள். இரண்டாவது தடவை. முதல் தடவை நடந்ததை நான் பேசுவதில்லை. இருபத்து மூன்றாவது வாரத்தில்... வேண்டாம். அதைப் பேசுவதில்லை.

அதனால் இந்தத் தடவை டாக்டர் மெர்லின் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அவள் என் பழைய மாணவி, அதனால்தான் 'அவள்' என்கிறேன். பதினாறாவது வாரத்திலிருந்து இருபத்து நான்காவது வாரம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றாள்.

உங்களுக்குப் புரிகிறதா? சுருக்குப்பை பார்த்திருப்பீர்கள். பையின் கழுத்தைக் கயிறு போட்டு இறுக்கியிருக்கும். கழுத்து நீளமாக, இறுக்கமாக இருந்தால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். கழுத்து குட்டையாகிக்கொண்டே வந்தால் ஒரு நாள் வாய் திறந்துகொள்ளும். குழந்தை நாள் நிறையாமலே வந்துவிடும். அந்தக் கழுத்தைத்தான் அளக்கிறார்கள். இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கவனிக்கவேண்டும். இவ்வளவுதான் பாடம்.

எனக்கு இதைக் கேட்டதும் மனசுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஏனென்றால் இதில் ஒரு பாஸ் மார்க் இருக்கிறது. பாஸ் மார்க் இருக்கிற எதையும் என்னால் பாஸ் பண்ணவைக்க முடியும்.

வாணியிடம் சொன்னேன், "கவலைப்படாதே. இருபத்தைந்துதான். ஐந்து பேப்பர். பதினாறு, பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு, இருபத்து நாலு. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து. அவ்வளவுதானே?"

"அம்மா, இது பரீட்சை இல்லை" என்றாள்.

"எல்லாரும் பரீட்சைக்கு முன்னால் அப்படித்தான் சொல்வார்கள்" என்றேன்.

டியூஷன் அறையில் கரும்பலகையின் வலது பக்கம் ஒரு கோடு போட்டு வாணிக்கென்று ஒதுக்கினேன். பிள்ளைகள் தொடக்கூடாது என்று எழுதிவைத்தேன்.

முதல் ஸ்கேன் ராசிபுரத்திலேயே எடுத்தோம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். வயிற்றின் மேலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தாறு! பாஸ் மார்க்குக்கு மேலே பதினொன்று. பலகையில் 36 என்று எழுதி டிக் போட்டேன். டியூஷன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு லட்டு. பிள்ளைகள், "அக்கா எதுல பாஸ் மிஸ்?" என்று கேட்டார்கள். "கழுத்தில்" என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியாதே.

பதினெட்டாவது வாரம் நாமக்கல்லில் மெர்லினே பார்த்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. முதல் காரியமாக, "பாத்ரூம் போய்ட்டு வா வாணி, மூத்திரப்பை காலியா இருக்கணும்" என்றாள். ராசிபுரத்தில் நிறைத்துக்கொண்டு வா என்றார்கள், இங்கே காலி பண்ணிவிட்டு வா என்கிறாள். ஒரே பாடத்துக்கு இரண்டு சிலபஸ். பிறகு மேலே வைத்துப் பார்க்கவில்லை. உள்ளே வைத்துப் பார்க்கிற கருவி. அதில்தான் துல்லியமாகத் தெரியுமாம். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் என்பதால் என்னை உள்ளே விட்டிருந்தாள்.

மூன்று தடவை அளந்தாள். இருபத்தேழு. இருபத்தைந்து. இருபத்து நாலு. எழுதும்போது என்ன எழுதினாள் தெரியுமா? இருபத்து நாலு!

"ஏம்மா மெர்லின், மூன்றில் குறைந்ததையா எழுதுவாய்?"

"ஆமாங்க டீச்சர். சரியா எடுத்த மூணுல குறைஞ்சதைத்தான் எடுத்துக்கணும்."

நீங்களே சொல்லுங்கள் அம்மா. எந்த ஊரில் உண்டு இந்த வழக்கம்? பள்ளிக்கூடத்தில் மாதத் தேர்வு மூன்று வைத்தால் எதை எடுத்துக்கொள்வார்கள்? அதிகமானதை. கருணை இல்லாத வாத்தியாராக இருந்தால் சராசரியை. சராசரி எடுத்தால்கூட என்ன வருகிறது? மூன்றையும் கூட்டினால் எழுபத்தாறு. மூன்றால் வகுத்தால் இருபத்தைந்து புள்ளி மூன்று மூன்று. பாஸ்! அதையும் அவளுக்கு அங்கேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன்.

அவள் பொறுமையாகத்தான் பேசினாள். "டீச்சர், அந்தக் கழுத்து எவ்வளவு நீளமா இருக்க முடியும்னு நமக்கு வேண்டாம். எவ்வளவு குறைய முடியும்னுதான் தெரிஞ்சாகணும்" என்றாள். ராத்திரி வைத்துக்கொள்ள ஒரு மருந்து எழுதிக்கொடுத்தாள். படுத்தே கிடக்கவேண்டியதில்லை, வீட்டுக்குள் சாதாரணமாக நடமாடலாம் என்றாள்.

இதில் ஒன்று சொல்லவேண்டும். இந்த மெர்லின் ஐந்தாம் வகுப்பில் ஸ்கேலைப் பூஜ்யத்திலிருந்து வைக்கமாட்டாள். ஒன்றிலிருந்து வைப்பாள். ஏழு சென்டிமீட்டர் பென்சிலை எட்டு என்று எழுதுவாள். நான்தான் மூன்று மாதம் உட்காரவைத்து அந்தப் பழக்கத்தை மாற்றினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தேகம் தட்டியது. பழைய பழக்கம் திரும்பியிருக்குமோ? அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஒன்றிலிருந்து வைத்தால் அளவு கூடத்தான் வரும், குறைந்து வராது. அப்படிப் பார்த்தால் உண்மையான அளவு இருபத்து நாலைவிட இன்னும் குறையும். அதனால் அந்த விஷயத்தை நான் கிளறவில்லை.

சரி, வீட்டுக்கு வந்தோம். டாக்டர் நடமாடலாம் என்றாள், நான் விடவில்லை. தும்மினால் கழுத்து குறையும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. அதனால் வீட்டில் தாளிப்பதை நிறுத்தினேன். மிளகாய் நெடி வந்தால் தும்மல் வரும் அல்லவா? இரண்டு வாரம் தாளிக்காத சாம்பார், தாளிக்காத ரசம், தாளிக்காத சட்னி. மாப்பிள்ளை இரண்டு நாள் அதையே சாப்பிட்டார். மூன்றாம் நாளிலிருந்து பட்டறையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார், வேலை அதிகமாம்.

ஆனால் பிள்ளைக்கு ஊக்கம் வேண்டுமே. ஃபெயிலான பிள்ளையிடம் ஃபெயில் ஃபெயில் என்று சொல்லக்கூடாது. பக்கத்தில் ஒரு முன்மாதிரி வைக்கவேண்டும். அதனால் நான் என்ன செய்தேன்? நானே போய் எடுத்துக்கொண்டேன்.

ஆமாம், ஸ்கேன்தான். எனக்குத்தான். வேறு ஒரு சென்டரில் முழு உடல் பரிசோதனைக்குப் போய், அந்த அளவையும் எடுத்துக்கொடு என்றேன். அந்தப் பெண் பயந்துவிட்டது. "பாட்டி, உங்களுக்கு எதுக்குங்க அது?" என்றது. "பாட்டி இல்லை, டீச்சர். உனக்கு அளக்கத் தெரியுமா, தெரியாதா?" என்றேன். அளந்தது. இருபத்தாறு!

அறுபத்திரண்டு வயதில் இருபத்தாறு. நேராக வீட்டுக்கு வந்து பலகையில் எழுதினேன். வாணி 24. அம்மா 26. வாணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பார். இந்த வயதில் நான் பாஸ். உனக்கென்ன குறைச்சல்?"

வாணி பலகையையே பார்த்தாள். சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. நல்ல ஊக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரமும் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தாறு எப்படி இருபத்து நாலு ஆனது? இரண்டு பேப்பருக்கும் என்ன வித்தியாசம்? திரும்பத் திரும்ப யோசித்தேன். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர்! நிறைந்த பை, முப்பத்தாறு. காலிப் பை, இருபத்து நாலு. ஒன்றரை லிட்டருக்குப் பன்னிரண்டு மார்க். அப்படியானால் இரண்டு லிட்டருக்கு? பதினாறு. கணக்கு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படிக்கவேண்டுமா?

இருபதாவது வாரம், செவ்வாய்க்கிழமை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்ததும் பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்தேன்.

"குடி."

"அம்மா, காலியாத்தான் வரச் சொன்னாங்க."

"குடி. உள்ளே போனதும் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்வாள். போ. கதவைச் சாத்து. குழாயைத் திற. இருபதுவரை எண்ணு. குழாயை மூடு. வா."

குடித்தாள். வாணி என் பேச்சைத் தட்டமாட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தட்டியதில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "ஏனுங்கம்மா, பாப்பாவுக்கு வெயில் ஒத்துக்கலீங்களா?" என்றார். "பாடம்" என்றேன்.

மெர்லின் கருவியை வைத்தாள். திரையைப் பார்த்தாள்.

"டீச்சர், இங்க வாங்க. கறுப்பா பெரிசா ஒண்ணு தெரியுதா?"

"குழந்தையா?"

"தண்ணி."

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

"வாணி, பாத்ரூம் போனியாம்மா?"

"போனேன் டாக்டர்" என்றாள் வாணி. என்னைப் பார்க்கவில்லை. "குழாயை மட்டும் திறந்தேன்."

மெர்லின் அவளைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. "பை நிறைஞ்சிருந்தா கழுத்தை அமுக்கி நீளமாக் காட்டும் டீச்சர். அது நிஜமா நீளுறது இல்லை" என்று மட்டும் சொன்னாள். வாணியை எழுப்பி அனுப்பினாள். இந்தத் தடவை உள்ளே குழாய்ச் சத்தம் கேட்கவே இல்லை. வந்தாள். மறுபடி மூன்று தடவை. இருபது. பத்தொன்பது. பதினெட்டு.

பதினெட்டு என்று எழுதினாள். எழுதிவிட்டு பேனாவை மூடினாள். மருந்து வைத்தும் குறைந்துகொண்டே வருகிறது, ஏற்கெனவே ஒரு தடவை ஆகியிருக்கிறது, அதனால் கழுத்தைச் சுற்றி ஒரு தையல் போடவேண்டும் என்றாள். சின்ன வேலைதான், நாள் நெருங்கும்போது பிரித்துவிடலாம், தள்ளிப்போடக்கூடாது என்றாள். வியாழக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள்.

தையல்! என் மகளுக்கு! ஒரு பேப்பரில் மார்க் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? மறுமதிப்பீட்டுக்குப் போடுவோம். புதன்கிழமை வாணியைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெரியாத சென்டர், தெரியாத ஆள். பழைய ரிப்போர்ட் ஒன்றையும் காட்டவில்லை. காட்டினால் பழைய மார்க்கைப் பார்த்துத்தானே போடுவான்? வயிற்றின் மேலே வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று முதலிலேயே போன் பண்ணிக் கேட்டுக்கொண்டேன். தண்ணீர் இரண்டு லிட்டர். வாணி குடித்தாள். வாயைத் திறக்கவில்லை, குடிக்க மட்டும் திறந்தாள்.

முப்பத்திரண்டு!

அச்சடித்த தாள். சீல். கையெழுத்து. முப்பத்திரண்டு. அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். "வியாழக்கிழமை தையல் வேண்டாம். மறுமதிப்பீட்டில் பாஸ்" என்றேன். போனை எடுத்த பெண், "எந்தக் காலேஜுங்க?" என்றாள்.

வீட்டுக்கு வந்து பலகையில் பதினெட்டை அழித்து 32 எழுதினேன். சாயந்திரம் மாப்பிள்ளை வந்தார். தாளைப் படித்தார். படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சந்தோஷம். அவருக்கும் ஆசை இருக்காதா? அன்றைக்கு நான் சாம்பாரைத் தாளித்தேன். இரண்டு வாரத்தில் முதல் தடவை. தெரு முழுக்க மணந்தது.

சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார், "இங்கயும் தண்ணி குடிச்சிட்டுத்தான் எடுத்தீங்களா அத்தை?"

"ஆமாம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எங்க பட்டறையில ஒண்ணு நடக்கும். விரிசல் விட்ட பலகைக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சிட்டா, பாக்கறவனுக்கு நல்லாத்தான் தெரியும். லோடு ஏத்துனாத்தான் தெரியும் சங்கதி."

"லாரியும் என் மகளும் ஒன்றா மாப்பிள்ளை?"

"இல்லீங்க அத்தை. லாரி நடுவழியில நின்னா வேற பலகை மாத்திக்கலாம்."

சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. தாளித்த சாம்பார் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். நான் முன்பக்கம் வாசலில் உட்காரவைத்துத் தேற்றங்களை ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாணியும் மாப்பிள்ளையும் ஒரு பையோடு இறங்கி வந்தார்கள். "கோயிலுக்குப் போய்ட்டு வர்றோம்மா" என்றாள். பிள்ளைகளைத் தாண்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் போனாள். நானும் "நெய் விளக்குப் போடு" என்று சொல்லி அனுப்பினேன்.

எட்டு மணிக்கு டியூஷன் அறைக்குள் போனால், பலகையில் என் 32 இல்லை. 18 என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. பக்கத்தில் ஒரு டிக். என் சிவப்பு சாக்பீஸால்.

பதினோரு மணிக்கு மெர்லினிடமிருந்து போன். "தையல் போட்டாச்சு டீச்சர். வாணி நல்லா இருக்கா."

"யாரைக் கேட்டுப் போட்டாய்?"

"வாணியைக் கேட்டு."

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்கள். முப்பத்திரண்டு என்று சீல் போட்ட தாள் மேஜைமேல் இருக்கிறது. அந்த மார்க்கை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையாவது சப்ளிமென்டரி எழுதப் போகுமா? நான் வாங்கிக்கொடுத்த மார்க் அம்மா அது. நான் அலைந்து வாங்கிக்கொடுத்தது.

அன்றைக்குப் போனவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நாமக்கல்லில் இருக்கிற அவள் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டருக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டுமாம். ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போனேன். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு எல்லாம் என் கையால் கிளறினது. வளையல் போட்டுக்கொண்டாள். புளிச்சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "கிளம்பலாமா கண்ணு?" என்றேன். முறைப்படி அம்மா வீட்டுக்குத்தானே கூட்டிக்கொண்டு வரவேண்டும்? "நான் இங்கயே இருக்கேம்மா" என்றாள். சபை நடுவே. நான் வெறும் பாத்திரங்களோடு பஸ் ஏறினேன்.

தையல் போட்டதற்கப்புறம் அளவு என்ன என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. இருபத்திரண்டாவது வாரம் என்ன, இருபத்து நாலாவது வாரம் என்ன, ஒன்றும் தெரியாது. பலகையில் அந்த இரண்டு கட்டமும் காலி. தினமும் அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் பாடம் எடுத்தேன். இருபத்து மூன்றாவது வாரம் முழுக்க நான் டியூஷனே வைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை அடித்தது. சிலிண்டர்காரன்.

இனி முக்கியமானதைக் கேளுங்கள். முப்பத்தேழாவது வாரம், தையலைப் பிரித்தார்கள். முப்பத்தேழு! நாள் நிறைந்த கணக்கு. அப்படியென்றால் என்ன அர்த்தம்? கழுத்து நன்றாகத்தான் இருந்திருக்கிறது. முப்பத்திரண்டுதான் சரி. தையல் வீண். இதைத்தான் மெர்லினிடம் போனில் கேட்டேன். "தையலைப் பிரிச்ச பன்னெண்டு மணி நேரத்துல வலி வந்துடுச்சு டீச்சர்" என்றாள். அது தற்செயல் என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர்" என்றாள். அவளாலேயே பதில் சொல்ல முடியவில்லை பாருங்கள்.

பெண் குழந்தை. திங்கட்கிழமை பிறந்தது. இன்றைக்கு வியாழன். திங்கட்கிழமை மாப்பிள்ளை போன் பண்ணி, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க அத்தை. வாணி கூப்பிடறப்ப வாங்க" என்றார். வாணி கூப்பிடும்போது! பெற்ற தாய்க்கு! திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன் போனது. லேகியம் கிண்டி முடித்துவிட்டேன், கிண்டக்கூட ஒன்றும் இல்லை. இன்று காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள்.

"வாம்மா. வந்து பாரு. ஒண்ணே ஒண்ணு. வந்து நின்னதும் எடை எவ்வளவுன்னு கேக்காதே."

"ஏன், கேட்டால் என்ன?"

"கேட்டா குழந்தையைக் கையில தரமாட்டேன்."

போனை வைத்துவிட்டாள். இது என்ன நியாயம்? ஊரில் உலகத்தில் குழந்தை பிறந்தால் முதலில் என்ன கேட்பார்கள்? ஆணா பெண்ணா, எடை எவ்வளவு. நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். இப்போதுகூட உங்கள் வாயில் அதுதான் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

முதல் தடவை... பேசுவதில்லை என்றேன். சரி, பஸ்தான் நின்றுவிட்டதே, ஏதோ லாரி குறுக்கே நிற்கிறது. சொல்கிறேன். அன்றைக்கு நான் டியூஷன் பிள்ளைகளின் மாதிரித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் வாணி வந்து, "அம்மா, கீழ் முதுகு வலிக்குது, அடிவயிறு கனமா இருக்கு" என்றாள். "வாயுவாக இருக்கும், சீரகத் தண்ணீர் குடி" என்றேன். நாற்பது தாள் பாக்கி இருந்தது. சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் ஒரு துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தாள். "எடை எவ்வளவு?" என்று கேட்டேன். ஐந்நூற்று நாற்பது கிராம் என்றாள். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மறந்துவிடக்கூடாது அல்லவா?

கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் இருந்து வாணி கேட்டாள், "அம்மா, பாப்பா மூச்சு விடுதா?"

எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

குழந்தை விடிகிற வரைக்கும் இருந்தது. அந்த எண் கையிலிருந்து போக நான்கு நாள் ஆனது. சோப்புப் போட்டும் போகவில்லை. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. வாணிக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

லாரி எடுத்துவிட்டான். அதோ ஆஸ்பத்திரி போர்டு தெரிகிறது. எழுந்திருங்கள், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் நாத்தனாரைப் பார்க்க நேரம் இருக்கிறது, குடல்வால் எங்கேயும் ஓடிப்போகாது. என்னோடு முதல் மாடிக்கு வருகிறீர்களா? ஐந்தே நிமிஷம். என் பக்கத்தில் நெருங்கி நில்லுங்கள். நான் குழந்தையைப் பார்ப்பேன், வாணியைப் பார்ப்பேன், வாயைத் திறப்பேன். 'எவ்' என்று தொடங்கினேன் என்றால் என் காலை மிதித்துவிடுங்கள். செருப்பைக் கழற்றவேண்டாம். பலமாக மிதியுங்கள் அம்மா. குழந்தை என் கைக்கு வந்து சேர்கிற வரைக்கும் காலை எடுக்காதீர்கள்.